ஓசையற்ற கருவி



ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்காலளவு வளர்ந்துவிடும். நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவு நாளுக்கு முன் அதனை அகற்றியாக வேண்டும். பல்லாண்டுகளாகப் பெட்ரோல் இயந்திரமே அப்பணியைச் செய்து வந்தது. அதன் இரைச்சல் ஊர் முழுதும் கேட்கும். புகை கண்ணைக் கரிக்கும். எனவே சென்ற ஆண்டு பேட்டரியில் இயங்கும் புல்வெட்டும் கருவியொன்றை வாங்கினோம்.

மின்கம்பியில்லாத துளையிடும் கருவியை 1961-இல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் வெளியிட்டது. 1991-இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தபின் இத்தகைய கருவிகள் வலிமை பெற்றன. அம்மின்கலத்தை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கருவியின் பேட்டரி 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. அதாவது 72 வாட்-மணி. 9 வாட் விளக்கை எட்டு மணி நேரம் எரிக்கும் அந்த மின்சாரம், அடர்ந்த புல்லில் அரைமணிக்குள் தீர்ந்துவிடும்.

முதல் நாள் நானே ஆவலோடு வெட்டினேன். சுழலும் நைலான் நரம்பில் ஈரப்புல் சுற்றிக்கொண்டது. கருவியை நிறுத்தினேன். எங்கள் கோயிற்பிள்ளை குனிந்து புல்லைப் பிடுங்கினார். பாதுகாப்புப் பொத்தானும் விசையும் சேர்ந்து அழுந்தினால்தான் கருவி சுழலும். ஆனால் ஈரக்கையில் பிடி வழுக்கவே, நான் அதனை இறுகப் பற்றினேன், இரண்டும் அழுந்திவிட்டன. அவருடைய இரு விரல்கள் கிழிந்தன.

மருத்துவமனையில் தையல் போடும்போது அவர் சொன்னார்: "சாமி, அரிவாள் சும்மா கிடந்தாலும் கூர் கண்ணுக்குத் தெரியும். இது தூங்குதா முழிச்சிருக்கான்னே தெரியலியே."

அவர் சொன்னது முற்றும் உண்மை. பெட்ரோல் இயந்திரம் அணைந்தால் அதை மீண்டும் கயிறிழுத்துத்தான் எழுப்ப வேண்டும். பேட்டரிக் கருவியோ ஓசையின்றி ஆயத்தமாகவே காத்திருக்கும். ஆகவே, அதில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் காலணியும் இல்லாமல் புல் வெட்டாதீர்கள். சூடேறிய பேட்டரியை ஆறவிட்டே மின்னேற்றுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்; குப்பையிலும் எறியாதீர்கள், அது தீப்பற்றக்கூடும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்கள்மீது சுமத்தியுள்ளன.

ஓசை அடங்கியதால் ஆபத்தும் அடங்கிவிட்டதென நான் எண்ணியதே தவறு. இல்லங்களிலும் இப்படித்தான், ஒருவர் பேசாதிருந்தால் அவர் மனம் ஆறிவிட்டதென்று எண்ணி அயர்ந்துவிடுகிறோம்.

கோயிற்பிள்ளையின் கை ஆறும்வரை இரு வாரங்கள் அதிகாலை மணியை நானே அடித்தேன். இப்போது புல் வெட்டுபவர் அவரே. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி முதலில் என் கையில் தருவார். பிறகுதான் கருவியைத் துடைப்பார்.