கணவாய் வாசலில் ரோம வெள்ளி: வேலந்தாவளம்

கோவையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் போய் கே.ஜி. சாவடியில் பிரிந்தால் கொஞ்ச நேரத்தில் வேலந்தாவளம் வந்துவிடும். பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், வடகரப்பதி ஊராட்சி. இருக்கும் மாநிலம் கேரளம். கடைத்தெருவில் காதில் விழுவது கொங்குத் தமிழ். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளையும் காய்கறி இங்குள்ள சந்தைக்குத்தான் வருகிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது முளைத்த எல்லையல்ல இது. அதற்கு முன்பே சித்தூர் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கோவை சென்னை மாகாணத்தில் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் சோதனைச்சாவடியால்தான் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சாவடிகள் மூடப்படும்வரை லாரிகள் இங்கே வரிசையில் நின்று கணக்குக் காட்டிவிட்டுப் போயின. நான் சொல்ல வந்தது அதைவிட மிகப் பழைய சரக்கு, மிகப் பழைய வரி.

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடும் தெற்கே ஆனைமலையோடும் விலகி நின்று, நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது. ஆனி, ஆடியில் கொங்கு நாட்டைக் குளிர்விக்கும் காற்று இதன் வழியாகத்தான் வருகிறது. மலை ஏறாமல் மேற்குக் கடற்கரைக்கும் கொங்குச் சமவெளிக்கும் போய்வர மாட்டுப்பொதிக்குக் கிடைத்த நல்ல வழியும் இதுதான். வேலந்தாவளம் இந்தக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது.

ரோமாபுரியின் காசு புதைந்து கிடந்த இடங்களைப் பாருங்கள். கணவாய்க்குக் கிழக்கே நொய்யல் கரையில் வெள்ளலூர். அங்கே 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891-லும் 1931-லும் மறுபடி கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர்ப் பக்கங்களிலும் புதையல்கள் உண்டு. கணவாய்க்கு மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1946-இல் ரோமப் பொற்காசும் வெள்ளிக்காசும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடு கலந்து கிடைத்தன. ஒரே வழியின் இரண்டு முனைகளாகத்தான் எனக்கு இவை தெரிகின்றன.

அந்த வெள்ளிக்காசின் பெயர் தெனாரியஸ். எடை நான்கு கிராமுக்குள், விரல் நுனியில் அடங்கிவிடும். கொங்கில் அதிகம் கிடைத்தவை இரண்டே வகை. ஒன்றில் அகஸ்டஸின் தலை. பின்பக்கம் அவன் பேரர்களான கையஸும் லூசியஸும் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். மற்றதில் திபேரியஸின் தலை. பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். கி.பி. 64-இல் நீரோ காசில் வெள்ளியைக் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசு இங்கே மிக அரிது. நம் வணிகர்கள் பார்த்தது வெள்ளியின் தரத்தை. பொன்னிலும் அப்படித்தான்: புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று ஆக்க வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இவ்வளவு வெள்ளிக்கு ஈடாகப் போனது என்ன? மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து மிளகு. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. கொங்கிலிருந்து மணிக்கற்கள். படியூர்ப் பக்கத்தில் பெரில் என்னும் பச்சைக்கல் வெட்டியெடுத்தார்கள். கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் வெளிவந்தன. ஆண்டுதோறும் இந்தியா ஐந்து கோடி செஸ்டெர்ஸ் காசை உறிஞ்சிவிடுகிறது என்று ரோமில் மூத்த பிளினி புலம்பியது இந்தச் சரக்குகளையும் சேர்த்துத்தான்.

இனி வரி. வியன்னாவில் உள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று முசிறி வணிகக் கடனைப் பற்றிய ஒப்பந்தம். அதன் பின்பக்கம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைக்கரை நறுமணப் பொருள், யானைத் தந்தம். எகிப்தில் இறங்கியதும் நாலில் ஒரு பங்கு ரோம அரசுக்கு வரி. வரி போக மீந்ததே ஏறத்தாழ 69 லட்சம் செஸ்டெர்ஸ்.

ரோம வணிகம் ஓய்ந்த பிறகும் வழி ஓயவில்லை. கோவைக்குத் தென்மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறை ஒன்றில் இராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு, முதலாம் ஆதித்த சோழன் காலம் என்பது பலர் கருத்து. சேர நாட்டுக்குப் போன சாலை அது.

ரோமக் காசுகளைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அவை இருப்பது நல்லதுதான். ஆனால் அவை வந்த வழியில் இன்றும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலந்தாவளம் பேருந்து நிறுத்தத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைக்கவேண்டும்: வெள்ளலூர், எய்யால், முசிறி மூன்றும் குறித்த வரைபடமும், கேடயம் பொறித்த அந்தக் காசின் படமும் போதும். செலவு அதிகம் பிடிக்காது. ஊராட்சியே செய்யலாம்.