பெரியது எது?

யாம் தமிழாசிரியர். கணிதத்தோடு எமக்கிருந்த உறவு மாணவப் பருவத்திலேயே தளர்ந்துவிட்டது. எனினும், கணித ஆசிரியர் விடுமுறையிற் சென்ற ஒரு நாள், நுண்ணறிவுப் பாடத்தை நடத்தும் பொறுப்பு எம்மேல் விழுந்தது.

வினா இது: ஒரு பாடசாலையில் 60 பேர் தோற்றி 45 பேர் சித்தியடைந்தனர், மற்றொன்றில் 80 பேர் தோற்றி 56 பேர் சித்தியடைந்தனர். எதன் பெறுபேறு சிறந்தது? 56 என்ற எண்ணைக் கண்டதும் யாம் இரண்டாவதைச் சுட்டினோம். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, முதலாவது நூற்றுக்கு 75, இரண்டாவது நூற்றுக்கு 70" என்றான். வகுப்புச் சிரித்தது, யாமும் சிரித்தோம்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. முந்திய ஆண்டுத் தமிழ்ப் பரிசுக்கு யாம் மொத்தப் புள்ளியையே நோக்கியிருந்தோம். பதிவேட்டைப் புரட்டினோம். பரிசு பெற்றவன் ஐந்து சோதனைகளில், 500 புள்ளிகளுக்கு 350 பெற்றிருந்தான், நூற்றுக்கு 70. காய்ச்சலால் ஒரு சோதனைக்கு வாராத மற்றொருவன் 400 புள்ளிகளுக்கு 312 பெற்றிருந்தான், நூற்றுக்கு 78. அவன் வேறு யாருமல்லன். எம்மைத் திருத்திய அதே மாணவன்.

மறுநாள் அவனை அழைத்து எம் பிழையைச் சொன்னோம். அவன் தலைகுனிந்து, "அப்போதே கணக்குப் பார்த்தேன், ஐயா, சொல்லப் பயமாயிருந்தது" என்றான். கொடுத்த பரிசை மீளப் பெறுதல் முறையன்று. எம் கைப்பொருளில் ஒரு தமிழகராதி வாங்கி, நடந்ததை வகுப்பறியக் கூறி, அதனை அவனிடம் கொடுத்தோம்.

அதன்பின் எதை வரிசைப்படுத்தினும் மூன்று வினாக்களை எழுப்புகின்றோம்: அலகு ஒன்றா? அடி எண் ஒன்றா? எதன் பொருட்டு ஒப்பிடுகின்றோம்? நீளத்தால் நோக்கின், மகாவலி 335 கிலோமீற்றர், அருவியாறு 164, களனி 145 என்பதே இறங்குவரிசை. ஓடும் நீரின் அளவைக் கேட்டாலோ, ஈரவலயத்துக் களனி, உலர்வலயத்து அருவியாற்றை முந்திவிடும். எண்கள் பொய் சொல்லவில்லை, கேள்விதான் மாறிற்று.

இவ்விழா மலரில் பழைய மாணவர் பலரின் பதவிகளும் பட்டங்களும் வரிசையாய் இடம்பெறும். அவற்றைக் கண்டு யாமும் மகிழ்வோம். ஆயினும், எத்தனைக்கு எத்தனை பெற்றார் என்று எவரும் கணக்கிடாது பின்வாங்கிலேயே இருந்துவிட்டவர்களையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.