ஜோடி எண்

திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் டயர் தரையில் இழுபட்டுத் தேயும். இரண்டுக்கும் சம விசை கொடுத்து, வேகத்தில் மட்டும் அவற்றை வேறுபட விடுவது டிஃபரன்ஷியலின் வேலை. மோட்டார் கார் பிறக்குமுன்பே நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர். நம் ஊர்ப் பழைய வேன்கள் பலவற்றில் இது பின்னச்சில் இருக்கும். 1969 முதல் 2000 வரை பூனாவில் தயாரான மெட்டடோரில் முன்னால்.

1996 ஆடியில், முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில், அதைக் கோப்பதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி ஏ.எஃப்.டி. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். (1898இல் தொடங்கிய அந்த மில் 2020இல் மூடப்பட்டது.) வண்டி கல்யாணச் சமையல் பாத்திரங்கள் ஏற்றுவது. ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள். பினியனில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன. சொந்தக்காரர் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய பினியன் ஒன்றை மட்டும் வாங்கி வந்திருந்தார்.

மேஸ்திரி அதைத் துடைத்து எண்ணைப் படித்தார். கிரௌன் வீலில் வேறு எண்.

“பல்லு எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு மேஸ்திரி?”

“எண்ணிக்கை சரிதான் தம்பி. இது வேற வீலோட அரைபட்டது. போட்டா ஓடும். பத்து நாள்ல ஊளையிடும்.”

கிரௌன் வீலையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓடவிட்டு, அரைபசை போட்டுப் பற்களை இழைய வைக்கிறார்கள். பிறகு இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள். சொந்தக்காரர் வட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார்.

ஜோடி வந்தபிறகும் வேலை முடியவில்லை. மேஸ்திரி பற்களில் ரெட் லெட் பூசி, கையால் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்த்தார். பல்லின் அடியில் விழுந்தது. பினியன் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றி, காகிதக் கனமுள்ள ஷிம்மை மாற்றி, மறுபடி பூசினார். தடம் பல்லின் நடுவுக்கு வர ஐந்து முறை ஆயிற்று. பற்களுக்கிடையே மயிரிழை இடைவெளியும் விட்டார். அது இல்லையென்றால் எண்ணெய் நுழைய இடமின்றிச் சூடேறிப் பல் தின்றுபோகும்.

1959இல் ‘எழுத்து’ தொடங்கியது முதல் உருவம், உள்ளடக்கம் என்று ஆளுக்கொரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடி வந்திருக்கிறோம். அந்நிய உருவம் என்ற குற்றச்சாட்டும் அதில் உண்டு. மெட்டடோரின் வடிவமைப்பே ஜெர்மனியிலிருந்து வந்ததுதான்; நம் ரோட்டில் நம் அண்டாக்களைச் சுமந்து ஓடியது. வந்த இடம் குற்றமல்ல. வேறொரு அனுபவத்தோடு அரைபட்ட உருவத்தை, எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று நம் அனுபவத்தோடு மாட்டுவதுதான் குற்றம். அப்படிப்பட்ட கவிதைகள் உடனே நின்றுவிடுவதில்லை. ஓடுகின்றன, தொகுப்பாகவும் வருகின்றன. ஊளை கேட்கக் கொஞ்ச நாளாகிறது.

வரிவரியாகக் கையால் சுற்றிப் பார்த்து, சொல் அனுபவத்தை எங்கே தொட்டிருக்கிறது என்று தடம் காட்டுவதே விமர்சனம் என்று நினைக்கிறேன். எந்தக் கொள்கையும் அதை முன்கூட்டிச் சொல்லிவிடாது. நம் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பல் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன.