மரக்கிளையில் தொங்கிய சோறு

'வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்திற்கு மக்கள் பேராதரவு அளித்தனர்.' மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் தொடர் இது. பிழையற்றது, உண்மையும்கூட. எனினும் படிப்பவர் உள்ளத்தில் தங்காமல் கடந்துவிடுகிறது. 'பேராதரவு' என்னும் சொல் எந்தப் போராட்டத்திற்கும் பொருந்தும். வேதாரண்யத்திற்கே உரியது எதுவும் அதில் இல்லை.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டனர். செல்லவேண்டிய தொலைவு சுமார் 150 மைல். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் ஆறு மாதம் வரை சிறை செல்ல நேரிடும் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரிக்கை விடுத்தார். அறிவிப்பு ஊர்தோறும் பரவியது. உணவு கொடுத்தால்தானே குற்றம்? சிற்றூர் மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கட்டியவர் இன்னார் என்று காட்ட எவராலும் இயலவில்லை. தொண்டர்கள் பசியாறி மேலே நடந்தனர்.

இந்நிகழ்ச்சியைப் படித்தவர்க்குப் 'பேராதரவு' என்னும் சொல்லே தேவைப்படுவதில்லை. மக்களின் அன்பை மட்டுமன்றி அவர்களது அச்சத்தையும், அச்சத்தை வென்ற கூர்மதியையும் அப்பொட்டலம் ஒருங்கே காட்டிவிடுகிறது. ஆனால் ஒன்று: ஆட்சியரின் எச்சரிக்கையை முன்னர்க் கூறாமல் மரத்தில் சோறு தொங்கியதை மட்டும் எழுதினால், அது வெறும் வேடிக்கைச் செய்தியாகிவிடும். ஆறு மாதச் சிறை என்னும் சிறு விவரமே அந்நிகழ்ச்சியைச் சான்றாக உயர்த்துகிறது.

எல்லா விவரமும் எல்லாக் கட்டுரைக்கும் உதவாது. பயணம் தொடங்கிய ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்த நாளும் அதுவே. தலைவர்கள் நாளைத் தேர்ந்த திறம் பற்றி எழுதுபவர்க்கு இது பொன் போன்ற செய்தி. பொதுமக்களின் துணிவைப் பற்றி எழுதுபவர்க்கோ இது வழியை மறிக்கும் சுமை. தெரிந்ததையெல்லாம் எழுதிவிடும் ஆசை நன்றாகப் படிக்கும் மாணவரிடமே மிகுதியாகக் காணப்படுகிறது.

சுவை மிகுந்த நிகழ்ச்சிகளில் வேறொரு இடர் உண்டு. வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், காவலருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றார். பாதிச் சவரத்தின்போது வந்திருப்பவர் காவலர் என்று தெரிந்து கத்தியைக் கீழே வைத்தார் என்பர். நீதிமன்றத்தில் அவர் கூறியதாக வழங்கும் மறுமொழியும் சொல்வோர்க்கேற்ப மாறுகிறது. எல்லா வடிவத்திலும் மாறாமல் நிற்பவை அவரது மறுப்பும் சிறைவாசமுமே. கருத்தை நிறுவ அவ்விரண்டும் போதும். மிகுதியை எழுதவேண்டுமாயின் 'என்பர்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து எழுதுவது நேர்மை. சுவைக்காக வைரப்பன் வாயில் புதிய வசனம் ஒன்றை வைக்கும் மாணவர், மெய்யாகவே துணிந்த ஒருவரை நாடகப் பாத்திரமாக்கிவிடுகிறார்.

சான்றுகளை நூல்களில் மட்டுமே தேடவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அதைப் பற்றி எழுதச் சொன்னால், 'தென்னைகள் சாய்ந்தன. உழவர்கள் பெரும் இழப்பிற்கு ஆளாயினர்' என்றே எழுதும் பழக்கம் உள்ளது. சாய்ந்தது நெல்லாயின் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். நெட்டைத் தென்னையோ நட்ட பிறகு காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். புயலன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, பள்ளிப்படிப்பை முடித்து வெளியேறும்வரை அந்தத் தோப்பிலிருந்து தேங்காய் வருமானம் வீட்டிற்கு வராமற்போகலாம். 'பெரும் இழப்பு' எவ்வளவு பெரிது என்பதை வேதாரண்யத்துத் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை இப்படி ஆண்டுக்கணக்கில் எழுதிக் காட்ட முடியும்.