ஒரே கையேடு போதாது

வெற்று ரவைக்கோதுகளை நான் அறிந்தது செய்தியாளனாகத்தான். மோதல் நடந்த தெருக்களில் அவை சிதறிக் கிடக்கும், எண்ணிக் குறிப்பெடுப்போம். அவற்றைத் துப்புரவாக்கி, மீண்டும் மருந்திட்டு, சன்னம் பொருத்தி வேட்டைக்குக் கொண்டுசெல்வோரும் உளர் என்பதை அமெரிக்காவில் ஒரு முதியவரின் வீட்டில்தான் கண்டேன்.

அதற்கான கையேடுகளே அவரது அலமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்திருந்தன. லைமன், ஸ்பியர், ஹோர்னடி, சியரா, நொஸ்லர் எனப் பல நிறுவனங்களின் வெளியீடுகள். லைமன் கையேட்டின் 50ஆம் பதிப்பு 2016இல் வந்தது. “ஒன்று போதாதா?” என்று கேட்டேன்.

போதாதாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் பரிசோதனைக் குழலில் சுட்டுப் பார்த்தே அட்டவணை தருகிறது. சன்னத்தின் வடிவமோ குழலோ மருந்தின் தொகுதியோ மாறினால் அமுக்கமும் மாறும். ஆகவே பலவற்றை ஒப்பிடாமல் அவர் எதையும் தொடுவதில்லை. குறைந்த அளவிலிருந்தே தொடங்குவார். முன்னர் செப்பு உருளை நசுங்குவதைக் கொண்டு அமுக்கத்தை அளந்தார்கள். பின்னர் மின்னணு உணரிகள் வந்தபோது பழைய அளவுகள் சில மிகையெனத் தெரிந்தது. பழைய பதிப்புகளின் முகப்பில் ‘வாசிக்க மட்டும்’ என்று எழுதி வைத்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே தரப்பின் தகவலை நம்பி, உயிரோடிருந்த ஓர் இளைஞனை இறந்தோர் பட்டியலில் சேர்த்தவன் நான். மறுநாளே திருத்தம் வெளியிட்டோம்.

அவர் பிழைவிட்டால் போவது அவருடைய விரல்கள். நான் விட்ட பிழைக்கு ஒரு தாய் இரவு முழுவதும் அழுதாள்.