வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

காணி பிரிப்பது எங்கள் பகுதியிலே ஒரு நாளில் முடிகிற காரியமன்று. உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுப்பது, நொத்தாரிசைக் கண்டு கதைப்பது, நில அளவையாளரை அழைத்து வருவது, சங்கிலி பிடிப்பது, எல்லைக்கல் நாட்டுவது, பின்னர் அந்தக் கல் ஒரு முழம் தள்ளிப் போய்விட்டதென்று பக்கத்து வளவுக்காரரோடு பத்து வருடம் பேசாமலிருப்பது என்று அது நீண்டுகொண்டே போகும். இவையெல்லாம் பழகிய குடும்பத்திலே பிறந்த நான், கையகலமேயுள்ள தட்டொன்றைப் பிரிக்கப் போய், எல்லை பாராமலும் அளவு பாராமலும் ஒரே நிமிடத்தில் அடுத்த காணியை அழித்துவிட்டேன். வாசகர்கள் சிரிக்கலாம். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

என் வீட்டுக் கணினி 2013ஆம் ஆண்டில் வாங்கியது. பாடசாலைக்கு வினாத்தாள் தயாரிப்பதற்கென்று வாங்கினேன். ஓய்வு பெற்ற பின்னரும் அது என்னோடு உழைத்துக்கொண்டிருந்தது. முதலில் விண்டோஸ் 7, பின்பு விண்டோஸ் 10 அதிலே இருந்தன. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பு வேண்டுமென்கிறது. என் கணினியில் அது கிடையாது. பென்சன்காரன் புதிதாக ஒன்று வாங்குவது எங்ஙனம்?

“பழசு எண்டு எறியத் தேவையில்லை, மாமா. லினக்ஸ் மின்ற் போடுவம். சின்னதா ஒரு புதுத் தட்டு மட்டும் வாங்கித் தாங்கோ” என்றான் என் மருமகன்.

அவன் என் அக்காவின் ஒரே மகன். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். அக்கா 2021இல் காலமானார். நோயிலே கிடந்த கடைசி மாதங்களில் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகனுக்கென்று பேசிப் பதிவு செய்துவந்தார். ஊர்க்கதை, ஒடியற்கூழின் பக்குவம், யார் யாருக்கு என்ன முறை என்பது, எங்கள் காணி பிரித்த வரலாறு என்று நாற்பத்தொரு ஒலிப்பதிவுகள். அந்தக் கைத்தொலைபேசி பின்பு பழுதாகிவிட்டது. பதிவுகள் அத்தனையும் என் கணினியின் வன்தட்டில், ‘டி’ என்னும் பிரிவில் மட்டுமே இருந்தன. இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டுமென்று நானும் நினைத்தேன், அவனும் நினைத்தான். இருவரும் நினைத்ததோடு சரி.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுப் பூசிய சுழல் தட்டுகள் கொண்ட ஒரு பெட்டி. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேலொன்றாக நின்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. என் பழைய வன்தட்டு ஒரு சிறு சோற்றுப் பெட்டியிலே அடங்கும். அதன் கொள்ளளவோ ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு. இத்தனை பெரிய வெளியை ஒரே காணியாக விட்டு வைப்பதுண்டு. வேலி போட்டுப் பிரித்து வைப்பதுமுண்டு. ஒரு பகுதியிலே கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையும், இன்னொரு பகுதியிலே நம்முடைய கோப்புகளும் இருந்தால், முன்னதைப் புதுப்பிக்கும்போது பின்னது தப்பும். பிரிப்பதன் முதற் பிரயோசனம் அதுவே.

பிரிப்பு எங்கே எழுதப்படுகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய முறையிலே தட்டின் முதல் 512 பைட்டுக்குள் அஃது அடங்கிவிடுகிறது. அதிலும் எல்லை விபரத்துக்கென ஒதுக்கப்பட்டது 64 பைட்டு மட்டும்; ஒரு பிரிவுக்குப் பதினாறாக நான்கு பிரிவுகள். எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்பனவே அங்குள்ள செய்திகள். 1983இல் ஐ.பி.எம். தனிக் கணினிக்கு வன்தட்டு வந்த காலத்து ஏற்பாடு அது. இப்போது வழங்கும் ஜி.பி.ரி. என்னும் முறையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. அட்டவணையின் பிரதியொன்று தட்டின் கடைசியிலும் காவல் இருக்கும். எந்த முறையாயினும் அட்டவணை என்பது உறுதி போன்றது. காணி வேறு, உறுதி வேறு. இதை நான் கற்றுக்கொண்ட விதந்தான் கொடியது.

இடையிலே அளவைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியிலே 500 கிகாபைட்டு என்று எழுதிய தட்டைக் கணினியிலே பூட்டினால் 465 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரென்று முன்பு நான் சண்டைக்குப் போக இருந்தேன். யாழ்ப்பாணத்து உறுதிகளை வாசித்தவர்கள் அவ்வாறு போகமாட்டார்கள். ஒரே ஏக்கர் நிலம் வரகுப் பரப்பிலே பதினாறு, நெற்பரப்பிலே இருபத்துநான்கு. நிலம் மாறவில்லை, அளவுகோல் மாறியது. தட்டுச் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் போன்றவை 1024ஆகப் பெருக்குகின்றன. அவ்வளவே வித்தியாசம். இந்த 465 என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

2025 மார்கழியில் ஒரு சனிக்கிழமை. 240 கிகாபைட்டுப் புதுத் தட்டு வந்தது. இது சுழலாத வகை. உள்ளே சில்லுகள் மட்டும். மருமகன் அதைப் பழைய தட்டுக்குப் பக்கத்திலே பூட்டினான். ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தற்காலிகமாக இயக்கினான். தட்டுகளைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் என்னும் செயலியைத் திறந்து வைத்தவன், “கடைக்குப் போய் மாலுபாண் வாங்கியாறன். நான் வருமட்டும் ஒண்டையும் தொடாதேங்கோ, மாமா” என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தான்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவனிடம் ஒரு பிள்ளை இப்படிச் சொல்வதா? புதுத் தட்டுக்கு முதலில் பிரிவு அட்டவணை உண்டாக்க வேண்டுமென்று அவன் சொல்லியிருந்தான். அதை நானே செய்து வைத்தால் வந்து வியப்பானென்று எண்ணினேன். திரையிலே ஒரு தட்டு மூன்று பிரிவுகளோடு தெரிந்தது. கடைக்காரர் சோதிப்பதற்குப் பிரித்துப் பார்த்திருப்பார் என்று நானே ஒரு சமாதானமுஞ் சொல்லிக்கொண்டேன். புதிய அட்டவணை உண்டாக்கும்படி கட்டளையிட்டேன். தட்டிலுள்ள தரவுகள் யாவும் அழியுமென்று ஓர் எச்சரிக்கை எழுந்தது. புதுத் தட்டில் என்ன தரவு? அழுத்தினேன்.

மூன்று பிரிவுகளும் மறைந்தன. ஒதுக்கப்படாத வெறும் வெளி என்று ஒரே சாம்பல் நிறக் கோடு. அதன் பக்கத்திலே எழுதியிருந்த அளவை அப்போதுதான் வாசித்தேன்: 465.76. புதுத் தட்டாக இருந்தால் அங்கே 223 என்று இருந்திருக்க வேண்டும். அந்தச் செயலி திறந்தவுடன் பட்டியலின் முதற் தட்டையே காட்டும். முதலாவதாக இருந்தது பழையது.

மருமகன் வந்தபோது நான் கதிரையில் அசையாமல் இருந்தேன். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மாலுபாண் பொதி கையிலேயே இருந்தது. அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அதுக்குப் பிறகு ஏதும் செய்தனீங்களோ? புதுப் பிரிவு, போர்மற், ஏதும்?”

“இல்லை, தம்பி.”

“அப்ப கையை எடுங்கோ. எழும்புங்கோ.”

அதன்பின் நடந்ததை நான் பின்னால் நின்றே பார்த்தேன். நான் அழித்தது உறுதியை மட்டுமே என்று அவன் சொன்னான். பழைய பிரிவுகளுள் முதலாவது, தட்டின் 2048ஆந் துண்டிலே தொடங்கியிருந்தது. அதற்கு முன்னாலுள்ளது ஆட்கள் குடியில்லாத ஒழுங்கை. புதிய அட்டவணை அந்த ஒழுங்கையிலே எழுதப்பட்டதேயன்றி வளவுக்குள் நுழையவில்லை. வீடு நிற்கிறது, கிணறு நிற்கிறது, எது எவருடையதென்று சொல்லும் கடுதாசிதான் இல்லை. ஒவ்வொரு பிரிவும் தன் தொடக்கத்திலே தன் வகையையும் அளவையும் பொறித்து வைத்திருக்கும். டெஸ்ட் டிஸ்க் என்னும் இலவசச் செயலியொன்று தட்டை நடந்து நடந்து அந்த அடையாளங்களைத் தேடுகிறது. வேலி அழிந்த பின்பும் பழைய கதியாலின் அடிக்கட்டையைக் கண்டு எல்லை சொல்லும் கிழவரைப் போல.

சிறிது நேரத்தில் மூன்று வரிகள் திரையிலே வந்தன. மூன்றாவதைத் தெரிந்து உள்ளே பார்த்தான். கோப்புறைகளின் பெயர்கள் இறங்கின. அவற்றுள் ஒன்று ‘அம்மா’. அவன் ஒன்றும் சொல்லவில்லை. உடனே அட்டவணையைத் திருத்தி எழுதவுமில்லை. முதலில் அந்த ஒரு கோப்புறையை மட்டும் வேறொரு பென் டிரைவுக்குப் பிரதி செய்தான். நாற்பத்தொன்றும் வந்துவிட்டனவா என்று எண்ணினான், நானும் எண்ணினேன். அதன் பிறகே பழைய எல்லைகளை எழுதினான். அயல்வீட்டாரிடம் வெளித் தட்டொன்று இரவல் வாங்கி, ‘டி’ பிரிவு முழுவதையும் பிரதி செய்ய இரண்டு மணித்தியாலம் வரை சென்றது.

இதே தவறைப் புதுத் தட்டிலே செய்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். சில்லுத் தட்டுகளில், இந்த இடம் இனித் தேவையில்லையென்று முறைமை அறிவித்தால், தட்டே பின்னர் அந்த இடத்தைத் துடைத்து வெறுமையாக்கிவிடும். சில செயலிகள் பிரிவை உண்டாக்கும்போதே அவ்வாறு அறிவிக்கின்றன. துடைத்த இடத்திலே அடிக்கட்டையும் மிஞ்சாது. சுழல் தட்டிலும், அழித்த பின்பு மேலே ஏதாவது எழுதினால் எழுதிய இடம் போனதுதான். கையை எடுங்கோ என்று அவன் சொன்னதன் பொருள் இதுவே.

மறுநாட் காலை மீண்டும் தொடங்கினோம். இம்முறை என்னை அவன் விலக்கவில்லை. ஒரு கடுதாசியும் பேனையும் தந்தான். புதுத் தட்டின் 223 கிகாபைட்டையும் நானே நீளக் கோடாக வரைந்தேன். கணினியை எழுப்பும் சிறு கோப்புகளுக்கு அரைக் கிகாபைட்டு, லினக்ஸுக்கு 60, நினைவகம் போதாதபோது உதவும் மாற்றிடத்துக்கு 8, எஞ்சிய ஏறத்தாழ 155உம் நம்முடைய கோப்புகளுக்கு. லினக்ஸ் மின்ற் குறைந்தது இருபது கிகாபைட்டு இருந்தால் ஏறிவிடும். ஆனால் பிற்காலத்தில் வேலியைத் தள்ளிப் போடுவது தொல்லையான வேலையாதலால் தாராளமாக விட்டோம். கோப்புகளுக்கென்று தனிப்பிரிவு புதியவர்களுக்கு வேண்டியதில்லை என்று சிலர் கூறுவர். பட்டவன் என்ற முறையில் எனக்கு அது உடன்பாடன்று.

பிரித்ததும் வேலை முடிந்துவிடாது. பிரிப்பது வேலி கட்டுவது. போர்மற் செய்வது உள்ளே பாத்தி கட்டுவது. எழுப்பும் பிரிவுக்கு ஃபாட் 32, லினக்ஸ் பிரிவுகளுக்கு எக்ஸ்ட் 4 என்று பாத்தியின் வகை மாறும். இவற்றைத் தொடங்குமுன் மருமகன் பழைய தட்டின் வடத்தைக் கழற்றி மேசையிலே வைத்துவிட்டான். “இப்ப நீங்கள் எதை அமத்தினாலும் பயமில்லை, மாமா” என்றான். இந்தச் சிறு காரியத்தை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஒரே தட்டுத்தான் உண்டு, அதில் விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் மாணவர்களுக்கு வழி சற்று வேறு. முதலிற் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸின் தட்டு முகாமைப் பகுதியிலேயே அதன் பிரிவைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குவது உத்தமம். விரைவுத் தொடக்கம் என்னும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுமையாக உறங்காமல் தன் பிரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுருக்கும்போது மின்சாரம் நின்றால் ஆபத்து, யூ.பி.எஸ். இல்லாத வீட்டார் மழை இடி நாளில் இதைத் தொடங்கலாகாது.

பின்னேரம் லினக்ஸ் ஏறிவிட்டது. பதிவுகளைப் புதிய பிரிவுக்கு மாற்றியபின், சரியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க ஒன்றைத் திறந்தோம். அது காணி பிரித்த கதை. எட்டுப் பரப்பை எனக்கும் தனக்கும் ஐயா பிரித்த நாளில் அளவையாளர் கல்லை மாறி நாட்டப் பார்த்ததையும், அங்கே நின்ற நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டியதையும், தானே உறுதியைக் கொண்டுவந்து காட்டித் திரும்ப அளப்பித்ததையும் அக்கா சொல்லிக்கொண்டு போனார். “உன்ர மாமா எப்பவும் அப்பிடித்தான். பாக்காமலே ஓமெண்டு சொல்லுவான்” என்று சிரிக்கத் தொடங்கி இருமினார்.

மருமகன் என் பக்கம் திரும்பவில்லை. பதிவின் முடிவிலே, மழை இருட்டிக்கொண்டு வருகுது, கொடியிலே போட்ட உடுப்பை எடுத்துப்போடு என்று அக்கா அவனுக்குச் சொல்வது கேட்டது. அவன் அதை மட்டும் இன்னொரு முறை போட்டுக் கேட்டான்.