கொழுப்பை உறைய வைக்கும் சிகிச்சையும் நம் சரீரமும்

கடந்த சில மாதங்களில் நம் சபையைச் சேர்ந்த மூவர், வெவ்வேறு நாட்களில், ஏறத்தாழ ஒரே கேள்வியை என்னிடம் தனியாகக் கேட்டார்கள். கத்தியின்றி, குளிரால் கொழுப்பை உறைய வைத்து இடுப்பைக் குறைக்கிறார்களாமே, அதை ஒரு விசுவாசி செய்துகொள்ளலாமா என்பதே அந்தக் கேள்வி. மூவரும் குரலைத் தாழ்த்தியே கேட்டார்கள். சென்ற ஆண்டு நானும் அதைச் செய்துகொண்டேன் என்று சொன்னபோது, அவர்கள் முகத்தில் முதலில் வியப்பும் பின்னர் நிம்மதியும் தெரிந்தன. அந்த நிம்மதியைக் கண்டபின், இதை உங்கள் அனைவருக்கும் எழுதுவது நல்லது என்று எண்ணினேன்.

முதலில் சிகிச்சை இன்னதென்று அறிந்துகொள்வோம். ஒன்றை அறியாமலே பாவம் என்று தீர்ப்பதும், அறியாமலே அதை நாடி ஓடுவதும் நமக்குத் தகாது.

இதன் பெயர் கிரையோலிபோலிசிஸ். குச்சி ஐஸை வாயில் வைத்துச் சுவைத்த குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு வீங்கிக் கெட்டிப்படுவதை 1970-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தோலைவிடக் கொழுப்பு குளிருக்கு விரைவில் இளகிக்கொடுக்கும் என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் ஆகியோர் இதைப் பன்றிகளிடம் சோதித்து 2008-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கு இச்சிகிச்சையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இல் அனுமதித்தது. பின்னர் வயிறு, தொடை, தாடையின் கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கும் அனுமதி கிடைத்தது.

நான் சென்றது சென்னையில் உள்ள ஓர் அழகு சிகிச்சை மையம். ஐம்பதைக் கடந்த எனக்கு இடுப்பின் இருபுறமும் சதை மடிப்பு உண்டு, வயிறும் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், "இது உள்ளே உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, இயந்திரத்துக்கு எட்டாது. விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடிந்த கொழுப்பை மட்டுமே இது குறைக்கும்" என்று கூறி, பக்கவாட்டுச் சதைக்கு மட்டும் சம்மதித்தார். அவருடைய நேர்மைக்காக அன்றே நன்றி செலுத்தினேன்.

தோல் உறைந்துவிடாதிருக்க, கூழ்மம் தோய்ந்த ஒரு துணியை முதலில் விரித்தார்கள். அதன்மேல் கிண்ணம் போன்ற ஒரு கருவியை வைத்தார்கள். அது சதையை உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு குளிர்விக்கத் தொடங்கியது. முதல் பத்து நிமிடங்கள் சுருக்கென்று வலித்தது, பின்பு மரத்துப்போயிற்று. ஒரு பக்கத்துக்கு முப்பத்தைந்து நிமிடங்கள். கருவியை எடுத்தபோது, அந்த இடம் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சித் துண்டைப் போல விறைத்திருந்தது. அதை இரண்டு நிமிடம் பிசைந்துவிட்டார்கள். முழுச் சிகிச்சையிலும் கடினமாக இருந்தது அதுவே. இரண்டு வாரங்களுக்கு மேல் அவ்விடம் தொட்டால் உணர்வற்றிருந்தது.

அதற்குப் பின் நடப்பதே என்னைச் சிந்திக்க வைத்தது. இயந்திரம் கொழுப்பை வெளியே எடுப்பதில்லை. குளிரால் தாக்குண்ட கொழுப்பு அணுக்கள் சில நாட்களில் மெல்ல மடிகின்றன. அவற்றை நம் உடலின் காவல் அணுக்களே விழுங்கி, இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகின்றன. நாம் கண்ணாடி முன் நின்று எந்தச் சரீரத்தைப் பழிக்கிறோமோ, அந்தச் சரீரமே இரவும் பகலும் ஓசையின்றி அந்த வேலையைச் செய்து முடிக்கிறது.

பலன் என்ன? சிகிச்சை பெற்ற இடத்தில் கொழுப்பின் தடிமன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறையலாம். உடல் எடையில் சொல்லத்தக்க மாற்றம் இராது. மூன்று மாதங்களுக்குப் பின் என் இடுப்புவாரில் ஒரு துளை உள்ளே சென்றது. ஆனால் என் இரத்தச் சர்க்கரை இம்மியும் குறையவில்லை. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பெரிதும் துணைபோகிற உள்கொழுப்பு அப்படியே இருந்தது. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் இடுப்புச் சுற்றளவு தாண்டினால் எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தக் கொழுப்புக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் தேவை.

ஆபத்தே இல்லை என்றும் எண்ணவேண்டாம். அரிதாக, சிலருக்குக் கொழுப்பு குறைவதற்கு மாறாக அதே இடத்தில் பெருத்துக் கெட்டிப்படும். புகழ்பெற்ற மாடல் அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு அவ்வாறு நேர்ந்ததை 2021-இல் உலகறியச் சொன்னார். குளிர்பட்டால் இரத்தத்தில் கோளாறு உண்டாகும் நோய்கள் சில உண்டு. அவை உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளவே கூடாது. ஆகவே செல்வதானால், தோல் மருத்துவர் நேரில் பரிசோதிக்கும் இடத்துக்கே செல்லுங்கள்.

இப்போது, கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். மூவரில் ஒருவர் இளம்பெண். அவர் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். "பெண் கொஞ்சம் பருமன்" என்ற சொல்லால் மூன்று திருமணப் பேச்சுகள் அவருக்கு முறிந்துபோயின. தம் சங்கிலியை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் பணம் கட்ட எண்ணியிருந்தார். "பாஸ்டர், இந்தச் சதை போய்விட்டால் யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் அல்லவா?" என்று கேட்டார்.

அன்பானவர்களே, இந்தக் கேள்விக்கு எந்த இயந்திரத்திடமும் பதில் இல்லை. என் அனுபவத்தையே சொல்லுகிறேன். இடுப்புவார் தளர்ந்தபோது மகிழ்ந்தேன். இரண்டு வாரம் சென்றபின், என் கண் தானாகவே கழுத்தின் கீழுள்ள சதையைத் தேடிற்று. குறை காணப் பழகிய கண்ணுக்கு ஒரு குறை மறைந்தால் அடுத்தது தென்படும். அந்தப் பழக்கம் நமக்குப் பிறவியில் வந்ததன்று. பிறர் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டது.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது நாம் ஒருவருக்கொருவர் சொல்லும் முதல் வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். "என்ன, உடம்பு போட்டுட்டீங்க?" "என்னம்மா, இப்படி இளைச்சுட்டே?" "பாஸ்டருக்கு வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம், வீட்டுக்கு வீடு பிரியாணி!" அன்பினால் சொல்லுகிறோம் என்பது உண்மையே, நானும் உடன் சிரித்திருக்கிறேன். ஆனால் முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தபோது, ஆண்டுக்கணக்கில் கேட்ட அந்தச் சொற்கள்தாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஐம்பது வயதுப் போதகனுக்கே அவை இவ்வளவு காலம் தங்குமானால், இருபத்தைந்து வயது மகளுக்கு எப்படியிருக்கும்?

அவருக்கு நான் சொன்னது இதுதான். இச்சிகிச்சை பாவமன்று. தலைமுடிக்குச் சாயமிடுவதையும் பல்லுக்குக் கம்பி கட்டுவதையும் போல, தெளிந்த மனதோடும் தாங்கத்தக்க செலவோடும் செய்துகொள்ளலாம். ஆனால் சங்கிலியை அடகு வைக்கவேண்டாம். உங்களை அளந்து பார்த்துத் தள்ளிய வீட்டாருக்காகவும் செய்யவேண்டாம். ஒரு சதை மடிப்பு குறைந்ததற்காக ஏற்றுக்கொள்ளும் வீடு, முதல் பிரசவத்துக்குப் பின் மறுபடியும் அளக்கத் தொடங்கும். தேவன் மனித சரீரத்தில் வந்தார் என்று அறிக்கையிடுகிற நாம், எந்தச் சரீரத்தையும் வேண்டாத பண்டம்போல எண்ணலாகாது. அவரவர் சொந்தச் சரீரத்தையும் அப்படி எண்ணலாகாது.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. எப்படி முடிவு செய்தாலும் என் வாழ்த்து அவருக்கு உண்டு. அவருடைய தாயார் மட்டும் வீட்டுக்கு வந்து, "இனி மகள் தட்டில் சோறு வைக்கும்போது எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். அந்த வீட்டில் நல்ல காரியம் ஒன்று தொடங்கிவிட்டது என்று நம்புகிறேன்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சந்திக்கும் எவருடைய உடலைப்பற்றியும், பருமன் என்றோ மெலிவு என்றோ, ஒரு வார்த்தையும் பேசாதிருப்போம். அவர்கள் பெயரைச் சொல்லி அழைப்போம். வீட்டில் எல்லோரும் நலமா, வேலை எப்படியிருக்கிறது, கடந்த வாரம் எப்படிக் கழிந்தது என்று விசாரிப்போம். கர்த்தர் அதற்கு நமக்குக் கிருபை செய்வாராக.